காலைப் பத்திரிகையை நிறுத்திவிடாதீர்கள்

ஓய்வுபெற்ற பெற்றோரின் புதல்வர்களுக்கும் புதல்விகளுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள புதல்வர்களே, புதல்விகளே,

சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த தேசங்களிலும் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, ஊரில் தனித்திருக்கும் தாய் தந்தையரின் மருந்துச் சீட்டையும் மின்கட்டணத்தையும் மாதந்தவறாமல் கவனித்துக்கொள்ளும் உங்களுடைய சிரத்தையில் எனக்கு யாதொரு சந்தேகமும் இல்லை. அவ்வளவு பிரியமும் பொறுப்பும் உள்ள நீங்களே, அந்த வீடுகளுக்குக் காலைதோறும் வந்துகொண்டிருந்த தினசரிப் பத்திரிகையை நிறுத்திவிட ஏற்பாடு செய்கிறீர்களே என்பதுதான் என் மனத்தை வருத்துகிறது. உங்கள் தகப்பனார் இதைப் பற்றி உங்களிடம் முறையிடமாட்டார். பிள்ளைகள் நன்மையென்று கருதிச் செய்த ஒன்றை மறுத்துப் பேசுவது அழகன்று என்று எண்ணுகிற தலைமுறை அவருடையது. மேலும், மாதம் சில நூறு ரூபாய் பெறுமானமுள்ள ஒரு காகிதத்துக்காகப் பிள்ளையிடம் வாதாடுவதா என்ற கூச்சமும் அவருக்கு உண்டு. அந்தக் கூச்சம் எனக்கு இல்லை. நீங்கள் என் பிள்ளைகள் அல்லராயினும் என் பிள்ளைகளின் பிராயத்தினர். ஆகையால் அவர் சொல்லத் தயங்குவதை அவர் சார்பில் நானே சொல்லிவிடத் துணிகிறேன்.

நான் கருவூலத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தாம் உயிருடன் இருப்பதை மெய்ப்பிக்கும்பொருட்டு ஓய்வூதியர்கள் ஆண்டுக்கொரு முறை நேரில் வந்து கையொப்பமிட்டுச் செல்லும் நேர்காணல் நாட்களில், கருவூலத்தின் தாழ்வாரத்து விசிப்பலகைகளில் அவர்கள் அமர்ந்திருப்பதைப் பல்லாண்டு கண்டிருக்கிறேன். தலைமையாசிரியராக இருந்தவர், நில அளவையாளராக இருந்தவர், அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்த அம்மாள் என்று பலதரப்பட்டவர்களும் அங்கே கூடுவார்கள். ஒரு கையில் பென்ஷன் புத்தகம், கக்கத்தில் நான்காக மடித்த அன்றைய பத்திரிகை. தம்முடைய முறை வரும்வரை அவர்கள் அகவிலைப்படியைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கவில்லை. அன்றைய தலையங்கம் நியாயமா, அந்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறுமா, மத்திய அரசு இந்த விஷயத்தில் செய்தது முறைதானா என்று, பதவியில் இருந்த காலத்தில் வாய் திறவாதவர்களும் வெகு உற்சாகமாகத் தர்க்கம் செய்வார்கள். சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கும்வரை அரசியல் அபிப்பிராயத்தை அடக்கிப் பழகியவனுக்கு, ஓய்வு பெற்ற மறுநாள்தான் முழுக் குடிமகனாகும் பாக்கியம் கிட்டுகிறது. அந்தப் பாக்கியத்தை அனுபவிப்பதற்கு அவனுக்கு இருக்கும் ஒரே சாதனம் காலைப் பத்திரிகை. இதை நான் முதலில் சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. நீங்கள் பத்திரிகையை உங்கள் தகப்பனாரின் பொழுதுபோக்காகக் கருதுகிறீர்கள்; பொழுதுபோக்காகக் கருதுவதனால்தான் அதற்குப் பதிலாக வேறொரு பொழுதுபோக்கைக் கொடுத்துவிட்டால் போதுமென்று எண்ணுகிறீர்கள்.

ஓய்வு பெற்ற மனிதனுடைய வாழ்க்கையில் முதலில் கரைந்து போவது காலத்தின் எல்லை. பத்து மணிக்குப் போக வேண்டிய இடமும் இல்லை, இன்ன தேதிக்குள் முடிக்க வேண்டிய கோப்பும் இல்லை என்றாகிவிட்டபின், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் பேதமில்லாமல் நாட்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிகின்றன. அந்த நிலையில், விடியற்காலையில் தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டு, திண்ணையில் பத்திரிகை வந்து விழுகிற ஓசையோடு அந்த நாளுக்கு ஒரு தேதியும் ஒரு கிழமையும் உண்டாகிறது. பின்பு அவர் அதை எடுத்து, இணைப்புத் தாள்களைத் தனியே பிரித்து வைத்து, நடுவில் செருகியிருக்கும் ஜவுளிக்கடைத் துண்டுப் பிரசுரங்களை ஒதுக்கிவிட்டு, காப்பி ஆறுவதற்குள் முதற்பக்கத்தை முடித்து, அதன்பின் தமக்கென்று அமைந்த ஒரு கிரமத்தில் உள்ளே பிரவேசிக்கிறார். ஒருவர் தலையங்கத்தை முதலில் வாசிப்பார். ஒருவர் அதைக் கடைசியில், குளித்து முடித்தபின், தெளிந்த மனத்தோடு வாசிப்பதற்காக எடுத்து வைத்துக்கொள்வார். காலமானார் அறிவிப்புகளை ஒரு விநாடி மனங்கலங்கிப் பார்த்து, தமக்குத் தெரிந்த முகம் எதுவும் இல்லையென்று ஆறுதலடைவார். இருந்துவிட்டால், சட்டையை மாட்டிக்கொண்டு துக்கம் விசாரிக்கக் கிளம்பிவிடுவார். பக்கத்து வட்டத்தில் மின்தடை எந்த நாளில், எந்தக் கோயிலில் இன்று சொற்பொழிவு, ரயில் நேரத்தில் என்ன மாறுதல் என்பவற்றையெல்லாம் வீட்டுக்கும் தெருவுக்கும் அவரே அறிவிப்பார். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் மறுநாள் பத்திரிகை வராத காலை வேளைகளில் அவர் வாசலுக்கும் கூடத்துக்குமாக இரண்டு மூன்று முறை நடப்பதை உங்கள் தாயார் கவனித்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

எங்கள் பகுதியிலிருந்து ஓர் உதாரணம் சொல்லுகிறேன், ஏனென்றால் நான் கும்பகோணத்தில் வசிப்பவன். மேட்டூர் அணையின் நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை என்று நாள்தோறும் பத்திரிகையில் ஒரு சிறிய செய்தி வரும். காவிரிப் பாசனப் பகுதிக்கு வெளியே இருப்பவர்கள் அதைக் கண்ணெடுத்தும் பார்க்கமாட்டார்கள். இங்கேயோ, ஒரு குழி நிலங்கூட இல்லாத ஓய்வுபெற்ற தமிழாசிரியரும் தபால் அதிகாரியும் முதற்பக்கத்துக்கு அடுத்தபடியாக அதைத்தான் தேடுகிறார்கள். முழுக் கொள்ளளவு 120 அடி என்பதும், நிறைந்தால் 93.47 டி.எம்.சி. என்பதும், குறுவைக்காக ஜூன் 12-இல் மதகு திறப்பது வழக்கம் என்பதும் அவர்களுக்கு மனப்பாடம். ஆனி மாதத்தில் நீர்மட்டம் தொண்ணூறு அடியை எட்டியது என்ற செய்தியைப் படித்துவிட்டு நிமிர்கிற அந்த முகங்களில் தோன்றும் சந்தோஷம், தம்முடைய நிலத்துக்காக உண்டான சந்தோஷமன்று. பெயர் தெரியாத ஆயிரம் குடும்பங்களின் நடவுக்காக உண்டான சந்தோஷம். நாள்தோறும் ஓர் எண்ணைப் பின்தொடர்ந்து, அது ஏறும்போது மகிழ்ந்து, இறங்கும்போது கவலைப்படுகிற ஒரு மனிதர் ஊரோடு சம்பந்தம் அற்றுப்போனவராக ஒருநாளும் ஆகமாட்டார். அந்த எண்ணைச் செல்பேசியிலும் காணலாமே என்பீர்கள். காணலாம், ஆனால் அதைத் தேடுகிறவர்களுக்குத்தான் அது அங்கே கிடைக்கும். பத்திரிகையில் அது தானாகவே வந்து, அதைத் தேடாதவருடைய கண்ணிலும் படுகிறது.

இதைவிட முக்கியமான வேறொன்று இருக்கிறது. 1990-இல் காவிரி நடுவர் மன்றம் அமைக்கப்பட்டது. மறு ஆண்டில் 205 டி.எம்.சி. திறந்துவிடும்படி இடைக்கால ஆணை பிறந்தது; 2007 பிப்ரவரியில் தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. என்ற இறுதித் தீர்ப்பு வெளிவந்தது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கர்நாடகம் எல்லையில் அளிக்க வேண்டிய நீரை 177.25 டி.எம்.சி. என்று நிர்ணயித்தது. இருபத்தெட்டு வருஷ காலம் நீடித்த இந்த விவகாரத்தை அடியிலிருந்து நுனிவரை கோவையாக நினைவில் வைத்திருப்பவர்கள் வழக்கறிஞர்களையும் பொறியாளர்களையும் தவிர வேறு யார் என்று எண்ணுகிறீர்கள்? காலைதோறும் பத்திரிகை படித்துவந்த உங்கள் தகப்பனார்தாம். ஒரு காரியம் தொடங்கி, தடைப்பட்டு, வளைந்து, வேறொன்றாக மாறி, பல வருஷங்களுக்குப் பின் ஒரு முடிவை அடைவதைப் பொறுமையோடு கவனிக்கிற புத்தி, சமாசாரங்களை உடைந்த துணுக்குகளாகக் காட்டிவிட்டு மறு விநாடியே மறைத்துவிடுகிற சாதனங்களால் வளர்வதில்லை. அந்தப் பொறுமையும் ஞாபகமும் ஒரு குடும்பத்துக்குள் இருப்பது அந்தக் குடும்பத்துக்கே சொத்து. அதற்கு வேண்டிய உணவை நிறுத்திவிட்டு, அப்பாவுக்கு இப்போதெல்லாம் மறதி அதிகமாகிவிட்டது என்று தொலைபேசியில் ஒருவருக்கொருவர் வருத்தப்பட்டுக்கொள்வதில் என்ன பிரயோஜனம்?

செல்பேசியில் எல்லாப் பத்திரிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றனவே என்பது நீங்கள் சொல்லும் முதல் சமாதானம். அதை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. இரவு நேரத்து அவசரச் செய்திகளை நானும் அதில்தான் பார்க்கிறேன். ஆயினும், பத்திரிகை என்பது ஒரு முடிவுள்ள பொருள். கடைசிப் பக்கம் என்று ஒன்று அதற்கு உண்டு. அதைப் படித்து மடித்துவைத்தவுடன், இன்று நான் அறிய வேண்டியதை அறிந்துவிட்டேன் என்ற நிறைவு உண்டாகிறது. எந்தச் செய்தி முதற்பக்கத்துக்குரியது, எது ஏழாம் பக்கத்தின் மூலைக்குரியது என்பதை முந்தின இரவு யாரோ சிலர் கூடி ஆலோசித்து, தவறினால் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்ற பொறுப்புணர்ச்சியோடு தீர்மானித்திருக்கிறார்கள். அந்தத் தீர்மானத்தோடு உங்கள் தகப்பனார் உடன்படாமலிருக்கலாம். இவ்வளவு பெரிய விஷயத்தை உள்ளே ஒளித்துவிட்டார்களே என்று கோபிக்கலாம். அந்தக் கோபமும் வாசிப்பின் ஒரு பகுதியே. செல்பேசியோ அவர் முன்பு எதைத் தொட்டாரோ அதையே மேலும் மேலும் கொண்டுவந்து கொட்டுகிறது. முழங்கால் வலிக்கு ஒரு நாள் மருந்து தேடியவருக்கு, அதன்பின் உலகத்தில் நோயைத் தவிர வேறு சமாசாரமே இல்லையென்று அது காட்டிவிடுகிறது.

நீங்களே அடிக்கடி ஒரு குறை சொல்லிக்கொள்கிறீர்கள்: அப்பா வாட்ஸ்அப்பில் பொய்ச் செய்திகளை நம்பி எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறார் என்று. அந்தக் குறை உண்மையே. ஆனால் எப்போதிலிருந்து அப்படிச் செய்கிறார் என்று யோசித்துப் பார்த்தீர்களா? 1867-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இந்நாட்டில் வெளிவரும் ஒவ்வொரு பத்திரிகையும், அச்சிட்டவர் யார், வெளியிட்டவர் யார், எந்த இடத்தில் அச்சாயிற்று என்பதைத் தன் மேனியிலேயே தாங்கி வரவேண்டியிருக்கிறது. பொய் எழுதினால் வழக்குத் தொடர ஒரு பெயரும் ஒரு விலாசமும் உண்டு. அப்படிப்பட்ட ஒன்றை நம்பி அறுபது வருஷம் பழகிய மனிதர், அச்சில் கண்டது அத்தாட்சியுள்ளது என்ற தம் பழைய நல்லெண்ணத்தை, பெயரும் ஊரும் இல்லாமல் வந்து விழுகிற செய்திகளுக்கும் கொடுத்துவிடுகிறார். எதனோடு ஒப்பிட்டு அவர் சோதித்துப் பார்த்திருப்பாரோ அந்த உரைகல்லை வீட்டைவிட்டு அகற்றியவர்கள் நீங்கள்; பின்பு அவருடைய விவேகத்தைக் குறை கூறுவது நியாயமாகுமா?

சட்டம் என்று பேச்சு வந்ததனால் மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். பொதுக் காரியத்துக்காக ஓர் ஊரில் நிலம் எடுக்க அரசு முற்பட்டால், அதற்குரிய முதல் அறிவிப்பை அந்த வட்டாரத்தில் புழங்கும் இரண்டு தினசரிகளில், அவற்றுள் ஒன்று வட்டார மொழியினதாக இருக்கும்படி, வெளியிட வேண்டுமென்று 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் விதிக்கிறது. நேரில் சேர்ப்பிக்க முடியாத நீதிமன்ற அழைப்பாணையையும் பத்திரிகை வாயிலாகச் சேர்ப்பிக்க உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடந்தருகிறது. பொடி எழுத்தில் வரும் இந்த அறிவிப்புகளை நீங்கள் படிப்பதில்லை. உங்கள் பிராயத்தில் நானும் படித்ததில்லை. ஓய்வுபெற்ற ஒரு கிராம நிர்வாக அலுவலரோ தாசில்தாரோதான் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, சர்வே எண்ணை விரலால் தொட்டுத் தொட்டு அவற்றைப் படித்து, இது நம் மேலத்தெருக்காரர்களுடைய நிலமாயிற்றே என்று எழுந்து போய்ச் சொல்லுகிறார். ஜனங்களுக்குத் தெரிவித்துவிட்டோம் என்று அரசாங்கம் சொல்லுகிறதே, அந்தச் சொல்லை மெய்யாக்கிக்கொண்டிருப்பவர் அவர்.

தாய்மார்களைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். என் மனக்குறைகளில் பெரியது இதுதான். தகப்பனார் காலமானவுடன், பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஊருக்குத் திரும்புவதற்கு முன்பு நீங்கள் செய்து முடிக்கிற சில்லறை ஏற்பாடுகளில் பத்திரிகையை நிறுத்துவதும் ஒன்றாக இருக்கிறது. அப்பாதானே படிப்பார், இனி யாருக்கு என்று ஏஜெண்டிடம் சொல்லிவிடுகிறீர்கள். அம்மா படித்ததை நீங்கள் பார்த்ததில்லை. காலையில் அதைத் தொட அவர்களுக்கு அவகாசமும் இருந்ததில்லை, முறையும் இருந்ததில்லை. அடுப்படி வேலை முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, வீட்டில் எல்லோரும் கண்ணயர்ந்திருக்கும் பிற்பகல் நேரத்தில், கசங்கி, பக்கங்கள் முன்பின்னாக மாறிக்கிடக்கும் அதே பத்திரிகையைத் தரையில் விரித்துவைத்துக்கொண்டு அவர்கள் வாசித்தார்கள். குடும்ப ஓய்வூதியம் பெற என் மேசைக்கு முன் வந்து நின்ற அம்மாள்களில் பலர், அரசாணை வெளிவந்த செய்தியை எனக்கு முன்பே படித்துவிட்டு, அதன்படி தமக்கு எவ்வளவு நிலுவை சேர வேண்டுமென்று கணக்கிட்டும் வந்திருந்தார்கள். வாழ்நாள் முழுவதும் இரண்டாம் கையாக வாசித்த ஒருவருக்கு, இப்போதுதான் அதை மடிப்புக் குலையாமல் முதலில் பிரிக்கும் உரிமை வந்திருக்கிறது. அந்த வாரத்திலேயே அதை நிறுத்திவிடுகிறீர்கள். துயரத்தில் இருக்கும் அந்த அம்மாள் மறுத்து ஒரு வார்த்தை சொல்வார்களா?

உங்கள் பெற்றோர் பத்திரிகையை எப்படிப் பெற்றார்கள் என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். எங்கள் ஊருக்கு அருகேயுள்ள திருவையாற்றில் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் சுதேசமித்திரனைத் தொடங்கி, 1899-இல் அதைத் தினசரியாக்கினார். 1904-இல் பாரதியாரை அதில் உதவியாசிரியராக அமர்த்தினார். மேட்டூர் அணை கட்டிமுடிந்த அதே 1934-இல் தினமணி பிறந்தது. 1942-இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தினத்தந்தியைத் தொடங்கி, எழுத்துக்கூட்டிப் படிப்பவனும் பத்திரிகை வாசிக்கலாம் என்று செய்துகாட்டினார். தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் ஒருவர் உரக்க வாசிக்கப் பத்துப்பேர் கேட்ட அந்தக் காலத்தில்தான் நம் ஜனங்களில் பெரும்பாலோர் அரசியல் பயின்றனர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை ரத்துச் செய்துவிட்டதால், ஓடும் ரயிலிலிருந்து எறியப்படும் பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கி எடுத்து விநியோகிக்கும் வேலையில் தம் உறவினருக்கு உதவிய சிறுவர் பின்னாளில் குடியரசுத் தலைவரானார் என்பதை அப்துல் கலாமின் சுயசரிதையில் நீங்களும் படித்திருப்பீர்கள். யுத்த காலத்திலும் அந்தத் தீவுக்குப் பத்திரிகை போய்ச் சேர்ந்தது.

நெருக்கடி நிலை பிரகடனமான 1975 ஜூன் இரவில் டில்லியில் பத்திரிகை அச்சகங்களுக்கு மின்சாரத்தைத் துண்டித்தார்கள். ஜூன் 28-இல் இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கத்துக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு வெளியிட்டது. மறு ஆண்டு பிப்ரவரியில், தணிக்கை அதிகாரிகளின் கண்ணுக்கு முன்பாகவே முரசொலி, அண்ணா நினைவிடத்தில் மலர்வளையம் வைக்க வர இயலாதோர் என்று ஒரு பட்டியலை அச்சிட்டு, சிறைப்பட்டவர்கள் யார் யார் என்பதை நாட்டுக்குத் தெரிவித்தது. அச்சிடாத இடத்தையும் வாசிக்கத் தெரிந்துகொண்ட வாலிபர்கள்தாம் இன்றைக்கு உங்கள் வீட்டுச் சாய்வு நாற்காலிகளில் அமர்ந்திருக்கும் முதியவர்கள். அவர்களுக்குத் தெரிந்த அந்த வித்தையை அலட்சியமாக எண்ணாதீர்கள்.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்று பரவியபோது, காகிதத்தின் மூலம் கிருமி வருமென்ற அச்சத்தால் பல குடியிருப்புகளில் பத்திரிகையை வாசலோடு தடுத்தார்கள். அப்போதைய பீதியில் அதைக் குற்றமென்று சொல்லமாட்டேன். ஆனால் தொற்று ஓய்ந்து, கல்யாண மண்டபங்களும் திரையரங்குகளும் திறந்து, எல்லாம் பழையபடி நடக்கத் தொடங்கியபின்பும், தற்காலிகமாக நிறுத்திய பத்திரிகையைத் திரும்ப வரவழைக்க எத்தனையோ வீடுகளில் எவருக்கும் தோன்றவில்லை. என்னோடு ஒரே அலுவலகத்தில் பணியாற்றிய நண்பர் ஒருவர், மனைவி காலமானபின் மகனுடைய அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனார். மகன் உத்தமமான பிள்ளை. தகப்பனாருக்குத் தனி அறை, பெரிய தொலைக்காட்சி, கையில் பிடித்துப் படிக்க ஒரு கணினிப் பலகை எல்லாம் கொடுத்திருக்கிறார். பத்திரிகை மட்டும் இல்லை. காவல் கூண்டுக்கு அப்பால் பேப்பர் பையனை விடுவதில்லை என்பது அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் விதி. கீழே போட்டுவிட்டுப் போனால் யாராவது மேலே கொண்டுவருவதற்குள் மத்தியானமாகிவிடுகிறது. அதனால் வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். முன்பெல்லாம் நாங்கள் தொலைபேசியில் பேசினால் நாட்டு நடப்பில் தொடங்கி நெடுநேரம் சண்டை போடுவோம். இப்போது அவர் தம் இரத்த அழுத்தத்தின் அளவைச் சொல்லுகிறார், நான் என்னுடையதைச் சொல்லுகிறேன், அத்துடன் பேச்சு முடிந்துவிடுகிறது. அவருடைய அபிப்பிராயங்கள் எங்கே போயின என்று நான் துக்கப்படுகிறேன்.

செலவைப் பற்றிச் சிலர் சொல்லுகிறார்கள். ஒரு மாதச் சந்தா, நீங்கள் குடும்பத்தோடு ஓர் உணவு விடுதியில் ஒரு வேளை சிற்றுண்டிக்குக் கொடுப்பதைவிடக் குறைவானது. பெரும்பாலும் அதை அவருடைய ஓய்வூதியத்திலிருந்தே அவர் கொடுத்துவிடவும் சித்தமாயிருக்கிறார். மரங்கள் அழிகின்றனவே என்று வருந்துவோரின் நல்லெண்ணத்தை நான் மதிக்கிறேன். கரும்புச் சக்கையிலிருந்து செய்தித்தாள் காகிதம் செய்வதற்கென்றே 1979-இல் கரூர் அருகே ஓர் ஆலையை நிறுவிய ராஜ்யம் இது என்பதையும், படித்து முடித்த பத்திரிகையைக் கிலோக் கணக்கில் எடுத்துக்கொண்டு போகிற பழைய பேப்பர்காரர் அதை மறுபடியும் காகிதமாவதற்கே அனுப்புகிறார் என்பதையும் அவர்கள் கருத்தில் கொள்ளவேண்டும். நூலகத்தில் போய்ப் படிக்கட்டுமே என்கிறார்கள். சென்னை ராஜதானி 1948-லேயே பொது நூலகச் சட்டம் இயற்றிய பெருமை உடையது. கிளை நூலகங்களில் காலையில் பத்திரிகை படிக்க வருவோரில் பாதிப்பேர் எங்களைப் போன்றவர்களே. முழங்கால் இடங்கொடுக்கும்வரை அங்கே போவது நல்லதுதான். இடங்கொடுக்காதபோது என்ன செய்வது?

ஆகையால், என் அருமைப் பிள்ளைகளே, உங்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஊரில் உங்கள் பெற்றோர் வீட்டுக்குப் பத்திரிகை இன்னும் வந்துகொண்டிருந்தால் அதில் கை வைக்காதீர்கள். நிறுத்தியிருந்தால், எந்தப் பத்திரிகை வேண்டுமென்று அவர்களையே கேட்டு, அதையே திரும்ப வரவழையுங்கள். உங்களுக்கு உகந்த அபிப்பிராயமுள்ள பத்திரிகையை அவர்கள்மீது திணிக்காதீர்கள். தாயார் மட்டும் தனித்திருந்தால் அவர்களை முதலில் கேளுங்கள். உங்களோடு நகரத்துக் குடியிருப்பில் அவர்கள் வசித்தால், அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து, விடியற்காலை ஒரு மணி நேரம் பேப்பர் பையனை வீட்டு வாசல்வரை அனுமதிக்க வேண்டுமென்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். அந்தக் கட்டடத்தில் உள்ள முதியவர்கள் அனைவரும் உங்களை வாழ்த்துவார்கள். எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று அவர்கள் சொன்னால், வயதாகிவிட்டது என்று சமாதானம் சொல்லாமல், கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கண்புரைக்குச் சிகிச்சை செய்துகொண்டு மறுபடியும் பொடி எழுத்தைப் படிக்கத் தொடங்கிய எத்தனையோ பேரை நான் அறிவேன். சிகிச்சைக்கும் மீறிப் பார்வை குன்றியிருந்தால், விடுமுறைக்கு வரும் நாட்களிலேனும் பக்கத்தில் அமர்ந்து நீங்களே வாசித்துக் காட்டுங்கள். உங்கள் குழந்தைகளை வாசிக்கச் சொன்னால் அவர்களுக்குத் தமிழும் வரும். வாரந்தோறும் தொலைபேசியில் பேசும்போது, மாத்திரை சாப்பிட்டாயிற்றா என்று கேட்பதற்கு முன்பாக, இன்றைக்குப் பத்திரிகையில் என்ன விசேஷம் என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேளுங்கள். உங்களுக்கு மாறான அபிப்பிராயமாயிருந்தால் தயங்காமல் வாதாடுங்கள், அவருக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை.

ஏஜெண்டுகள் பெரும்பாலும் மாதத்தின் முதல் தேதியிலிருந்து புதுக் கணக்குத் தொடங்குகிறார்கள். முதல் தேதிக்கு முன்பாகவே உங்கள் ஊர் ஏஜெண்டிடம் பேசி, வீட்டு இலக்கத்தையும் தெருவையும் சொல்லி, மழைக்காலத்தில் தாளை நனையாமல் உறையிலிட்டுப் போடும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நலம் விரும்பும்
ஓய்வுபெற்ற கருவூல ஊழியன் ஒருவன்,
கும்பகோணம்.